ஃபைவ் ஃபால்ஸில் ஒரு கெட்டிமேளம்

மேடையில் ஏறியும் முகம் தெரியாமல் பிழைத்துக்கொள்ளக்கூடியவன் டிரம்ஸ் அடிக்கிறவன் ஒருவன்தான் என்று நம்பித்தான் நான் அந்த வேலைக்குப் போனேன்.

தவில், தபேலா, பேங்கோஸ், டிரம்ஸ் என்று எதையாவது தட்டிக் காலம் தள்ளியவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. பாடுகிறவன் இடறினால் அதற்குச் சங்கதி என்று பெயர். நாம் இடறினால் அது சத்தம். பாட்டு நன்றாக இருந்தால் பாடினவனைத் தேடிப்போய்க் கை கொடுப்பார்கள். நன்றாக இல்லாவிட்டால் நேராக நம்மிடம் வந்து, "கொஞ்சம் மெதுவா அடிச்சிருக்கலாம்" என்பார்கள். உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். நீங்களும் என்னைப்போலத் தலையை ஆட்டிவிட்டுக் குச்சிகளைப் பைக்குள் போட்டிருப்பீர்கள்.

நான் அடிப்படையில் தவில்காரன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுத் தாய்மாமாவின் மேளத்தில் சேர்ந்தேன். மாமா நாயனம், நான் இரண்டாம் தவில். தென்காசி, மேலகரம், ஆய்க்குடி, இலத்தூர் என்று சுற்றுவட்டாரக் கல்யாணங்கள்தான் எங்கள் உலகம். எனக்கு உருப்படியாக வந்த ஒரே வித்தை கணக்கு. எத்தனை வட்டம் போனது, இன்னும் எத்தனை பாக்கி என்பது தூக்கத்தில்கூட எனக்குத் தப்பாது. எதிரே உட்கார்ந்திருக்கிறவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டால்தான் எல்லாம் தப்பும்.

மீதி இரண்டு

எழுபதுகளின் கடைசியில் ஒரு மார்கழி. மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால் தவில் உறைக்குள் கிடந்தது. அப்போதுதான் டேவிட் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தான். தென்காசியில் ஒரு வாத்தியாரின் மகன். சர்ச்சில் கிட்டார் வாசித்துப் பழகியவன். மஸ்கட்டில் இருந்த அவனுடைய அத்தான் ஒரு டேப் ரிக்கார்டரும் கொஞ்சம் இங்கிலீஷ் கேசட்டுகளும் கொடுத்தனுப்ப, அவற்றைக் கேட்டுக் கேட்டு அவனுக்கு வேறு எந்தப் பாட்டும் பிடிக்காமல் போயிற்று. ப்ளூஸ் என்றான், ஹார்டு ராக் என்றான். பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த காஜா, பேஸ் கிட்டார் வாசிக்கவும் ஆம்ப்ளிஃபையர் கட்டித் தரவும் ஒத்துக்கொண்டிருந்தான். "பாளையங்கோட்டையில ஒரு பழைய டிரம்ஸ் செட்டும் வாங்கியாச்சுண்ணே. அடிக்கத்தான் ஆளு இல்ல" என்றான் டேவிட்.

அவனுக்கு ஒரு கெடு இருந்தது. அதே அத்தான் மஸ்கட்டில் அவனுக்கு ஸ்டோர் கீப்பர் வேலை பார்த்து வைத்திருந்தார். வாத்தியாரும் முடிவாகச் சொல்லிவிட்டார். வருகிற குற்றால சீசன் முடிவதற்குள் கிட்டாரால் ஒரு வழி பிறந்தால் சரி. பிறக்காவிட்டால் அதை யாரிடமாவது கொடுத்துவிட்டு மஸ்கட்டுக்குப் போக வேண்டும்.

நான் சம்மதித்ததற்கு இரண்டு காரணங்கள். சீசன் களைகட்டுவது ஆடியில். ஆடியில் கல்யாணம் இல்லை. இரண்டாவது, டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தால் டேவிட்டின் முதுகும் காஜாவின் ஆம்ப்ளிஃபையரும் என்னை முழுசாக மறைத்துவிடும். மாமாவிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

குழுவுக்கு டேவிட் வைத்த பெயர் ஃபைவ் ஃபால்ஸ். ஐந்தருவியைத்தான் இங்கிலீஷில் சொன்னான். குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில் இருந்த ஒரு லாட்ஜின் முதலாளி, சாயங்காலம் குளித்துவிட்டு வருகிறவர்கள் அவர் முற்றத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்கட்டும் என்று எங்களை வாசிக்கக் கூப்பிட்டார். முதல் நாள் அட்டையில் எழுதியிருந்த பெயரைப் படித்தார். பிறகு எங்களை ஒவ்வொருவராக எண்ணினார்.

"என்னலே இது, மூணு பேருதான நிக்கிய? மீதி ரெண்டு அருவி எங்கன விழுது?"

காஜா ஆம்ப்ளிஃபையருக்குள் விட்ட கையை எடுக்காமலே சொன்னான்: "தண்ணி கொறஞ்சா அங்கனயும் மூணுதான் அண்ணாச்சி விழும்."

அப்பளம்

அதே முதல் நாள். டவுன் பஸ்ஸின் மேலே ஏற்றிக் கொண்டுவந்த பெரிய டிரம் சாரலில் நனைந்துவிட்டது. அடித்துப் பார்த்தேன். 'தொப்' என்றது. எனக்கு அது ஆகாது. சாரல் காலத்தில் தவில் தோல் நமத்துப் போனால் வெயிலில் வைப்போம். வெயில் இல்லாவிட்டால் கரி அடுப்புப் பக்கத்தில் பதமாகக் காட்டி எடுப்போம். தோல் விறைத்துக்கொண்டு நன்றாகப் பேசும். எனவே எதிரே டீக்கடை அண்ணாச்சியிடம் அனுமதி கேட்டு, டிரம்மைத் தூக்கிப்போய் அவருடைய அடுப்பின் மேல் வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். இங்கிலீஷ் டிரம்மில் போட்டிருப்பது தோல் இல்லை, பிளாஸ்டிக் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. முதலில் அது சுருங்கியது. பிறகு உப்பியது. பிறகு நடுவில் ஒரு ஓட்டை விழுந்து ஓரமெல்லாம் சுருண்டுகொண்டது. அந்த நாற்றத்துக்குக் குளித்துவிட்டு வந்தவர்கள் ஈரத் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். "தோலுன்னா நெனச்சீரு? அது அப்பளம்லா வே" என்றார் டீக்கடை அண்ணாச்சி.

டேவிட் அந்த ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை. காஜாவின் சைக்கிளை வாங்கிக்கொண்டு நான் ஆய்க்குடிக்குப் போய், என் தவிலுக்குத் தோல் மூட்டித் தருகிறவரிடம் கெஞ்சி, அந்த டிரம்முக்கு ஒரு எருமைத் தோலை மூட்டிக்கொண்டு இரண்டாம் நாள் திரும்பினேன். முற்றத்தில் வைத்துக் காலால் ஒரே ஒரு மிதி மிதித்தேன். லாட்ஜின் ஜன்னல் கண்ணாடிகள் ஒரு தடவை அதிர்ந்து நின்றன. மாடியில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். டேவிட் அந்த எருமைத் தோலை விரலால் சுண்டிப் பார்த்தான். அப்புறம் செட்டில் மீதியிருந்த டிரம்களைக் காட்டினான்.

"அண்ணே, இதையும் சுட்டுருங்க."

முதல் வரியே இரண்டு தடவை

ப்ளூஸ் பாட்டின் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. மொத்தம் பன்னிரண்டு வட்டம், வட்டத்துக்கு நாலு அடி. முதல் வரியைப் பாட வேண்டும். அதையே திரும்பவும் பாட வேண்டும். மூன்றாவது வரியில் விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. வார்த்தைகள் எல்லாம் இங்கிலீஷ். டேவிட்டே கட்டிய மெதுவான பாட்டு ஒன்று உண்டு. அதற்கு மட்டும் அர்த்தம் கேட்டு வைத்துக்கொண்டேன். ஒரு பெண் தென்காசி ஸ்டேஷனில் ரயில் ஏறுகிறாள். பிளாட்பாரத்தில் நிற்கிறவனை ஜன்னல் வழியாகத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரயில் செங்கோட்டைப் பக்கம் போய்விடுகிறது. அவ்வளவுதான் பாட்டு. அதை ஹார்டு ராக்காக, காஜாவின் ஆம்ப்ளிஃபையரில், அருவிச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி பாட வேண்டும்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். உதடு அசைத்துத்தான் எண்ண வரும். கல்யாண வீட்டில் தவில்காரன் வாயை யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனால் லாட்ஜில் நிரந்தரமாகத் தங்கியிருந்த ரிட்டயர்டு தாசில்தார் ஒருவர் தினமும் நெற்றியில் எண்ணெய் மினுங்க முதல் நாற்காலியில் வந்து உட்காருவார். கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் இருந்த சந்து நேராக அவருக்குத்தான். நாலாம் நாள் அவர் டேவிட்டைக் கூப்பிட்டு, "பாட்டு நல்லாத்தான் தம்பி இருக்கு. ஆனா அவ ரயில் ஏறிட்டா, ரயில் ஏறிட்டான்னு ரெண்டு மட்டம் சொல்லுதியே, ஒரு மட்டம் சொன்னா நாங்க நம்ப மாட்டமா?" என்றார். டேவிட் சிரித்தான். நானும் பின்னால் நின்று சிரித்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீரு ஏன் வாய அசைச்சுக்கிட்டே இருக்கீரு? பாட்டு சீக்கிரம் முடியணும்னு வேண்டிக்கிடுதீரோ?"

ஒரு காப்பி

மறுநாளிலிருந்து வெற்றிலை போட்டுக்கொண்டேன். எண்ணினால் மெல்லுகிற மாதிரி இருக்கும். இதற்கு அப்புறம் நடந்ததற்கு வெற்றிலை பொறுப்பில்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணம் பார்த்தவர்களுக்குத் தெரியும். தாலி கட்டுகிற நேரம் நெருங்கினால் யாராவது ஒரு பெரியவர் ஒற்றை விரலை உயரே தூக்கி ஆட்டுவார். கெட்டிமேளம் என்று அர்த்தம். மேளக்காரன் அப்போது என்ன வாசித்துக்கொண்டிருந்தாலும் விட்டுவிட்டு, உயிர் போகிற வேகத்தில் அடிக்க வேண்டும். அந்த நேரத்தில் யாருடைய தும்மலும், யாருடைய அழுகையும் பெண்ணின் காதில் விழக் கூடாது. வருஷக்கணக்காக அந்த விரலுக்கு அடித்து அடித்து, விரலைப் பார்த்தால் என் கை என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டது.

அன்றைக்கு ரயில் பாட்டு. ஏழாவது வட்டம். டேவிட் கிட்டாரைத் தடவிக்கொண்டு முணுமுணுக்கிற மாதிரிப் பாடுகிறான். முற்றமே அமைதியாக இருக்கிறது. நான் தற்செயலாகச் சந்து வழியே பார்த்தேன். மூன்றாம் வரிசையில் ஒருவர் சர்வர் ரத்தினத்தைப் பார்த்து விரலைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். ஒரு காப்பிக்கு. அவ்வளவுதான், இரண்டு கையும் இரண்டு காலும் ஒரே நேரத்தில் இறங்கின. எருமைத் தோல் இடித்தது. டேவிட் ஒரு கணம் துள்ளினான். ஆனால் டேவிட் ஆயிற்றே, கிட்டாரை அலறவிட்டு அந்த இடிக்குள்ளேயே குதித்துவிட்டான். காஜாவும் பின்னாலேயே வந்தான். காப்பி வந்து, விரல் இறங்கிய பிறகுதான் என் கை நின்றது. வட்டம் மட்டும் தப்பவில்லை. அடுத்த அடியில் டேவிட் ரயிலை விட்ட இடத்திலேயே பிடித்தான்.

எனக்கு எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது. ஆனால் உட்கார்ந்திருந்தவர்களும் எங்கள் ஊர்க்காரர்கள்தானே? அந்தச் சத்தம் கேட்டதும் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒரு அம்மாள் தலையில் இருந்த பூவைப் பிய்த்து எங்களைப் பார்த்து எறிந்தார். டேவிட்டின் தோளில் ஒரு மல்லிகை ஒட்டிக்கொண்டிருந்தது. மாடியில் தலை துவட்டிக்கொண்டிருந்த ஒருவர் துண்டோடு படி இறங்கி ஓடிவந்தார்.

"கட்டியாச்சா? பொண்ணு எங்கன?"

மிஸ் கோமதி

அந்தக் கூட்டத்தில் மெட்ராஸ் இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றுக்கு எழுதுகிற ஒருவர் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தது எங்களுக்குத் தெரியாது. ஒரு வாரம் கழித்து டேவிட் அந்தப் பேப்பரை மழைக்கு மறைத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடிவந்தான். படித்துத் தமிழில் சொன்னான். தெற்குக் கோடியில் ஒரு புதுக் குழு. கவனிக்க வேண்டிய குழு. துயரமான பாட்டின் நடுவில் எச்சரிக்கை இல்லாமல் ஒரு புயல் கிளம்புகிறது, கிளம்பிய வேகத்தில் அடங்குகிறது. இதை யோசித்தவர்களின் துணிச்சலே துணிச்சல். இப்படி இரண்டு பத்தி. நான் டிரம்ஸுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். டேவிட் மேலே படித்தான். கண்ணில் படாத இடத்திலிருந்து அந்தப் புயலை எழுப்புகிறவர் மிஸ் கோமதி.

என் பெயர் கோமதிநாயகம். எங்கள் பக்கத்தில் கோமதிநாயகத்தைக் கோமதி என்றுதான் கூப்பிடுவார்கள். டேவிட்டும் மைக்கில் அப்படித்தான் சொன்னான். மெட்ராஸ்காரர் ஆளைப் பார்க்கவில்லை, பெயரை மட்டும் கேட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அதைவிடக் கஷ்டமாக இருந்தது வேறொன்று. கிட்டாரைப் பற்றி அதில் அரை வரிதான் இருந்தது. 'கிட்டாரும் பரவாயில்லை' என்று போட்டிருந்தது. விரல் நுனி வெடிக்க வெடிக்கப் பழகுகிறவன் அவன்; மஸ்கட்டுக்குப் போவதா வேண்டாமா என்று இருக்கிறவன் அவன். அந்த அரை வரியை டேவிட் ப்ளூஸ் பாட்டுப்போல இரண்டு தடவை படித்தான். அப்புறம் பேப்பரை மடித்துவிட்டு, "நம்ம பேரு வந்துட்டுண்ணே" என்று சிரித்தான்.

மறுநாள் முற்றம் நிரம்பி வழிந்தது. திருநெல்வேலியிலிருந்து காலேஜ் பையன்கள் ஒரு வேன் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருவன் கையில் ரோஜாப்பூ. "மிஸ் கோமதியை மறைக்குதே, அந்தப் பெட்டிய நகத்துங்க" என்று சத்தம். லாட்ஜ் முதலாளியே வந்து ஆம்ப்ளிஃபையரை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டார். பொட்டலில் விட்ட மாதிரி நான் உட்கார்ந்திருந்தேன். வாயில் வெற்றிலை, மேலே மீசை. ரோஜாப்பூக்காரன் கிட்டே வந்து பார்த்தான்.

"அட, இந்த ஆளா? பூவத் திருப்பி வாங்கிக்கிடுவானாலே அந்தக் கடைக்காரன்?"

ரத்தினத்தின் விரல்

பேப்பரில் வந்துவிட்டதால் அந்த இடி தினமும் வேண்டும் என்றாகிவிட்டது. எனக்கோ சொல்லி வைத்தால் வராது. இந்த வட்டத்தில் அடிக்க வேண்டும் என்று தயாராக உட்கார்ந்தால் கை செங்கல் அடுக்குகிற மாதிரி அடிக்கும். விரல் வேண்டும். டேவிட்டுக்கும் காஜாவுக்கும் இரண்டு கையிலும் வேலை. கடைசியில் சர்வர் ரத்தினத்தை ஏற்பாடு செய்தோம். அவர் பொறுப்பான மனுஷர். ரயில் பாட்டு ஆரம்பித்தால் தட்டைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்து நிற்பார். ஏழாவது வட்டத்தில் விரலைத் தூக்குவார். தொல்லை என்னவென்றால் முற்றத்தில் விரல் அவருக்கு மட்டும் இல்லை. ஒரு சாயங்காலம் ஒரு சின்னப் பிள்ளை ஒன்றுக்குப் போக வேண்டும் என்று அம்மாவிடம் விரலைக் காட்டியது. நான் இடித்த இடியில் அதற்கு அவசியம் இல்லாமல் போய்விட்டது. அந்த அம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னை முறைத்தபடியே வெளியே போனார். ரத்தினம் தரையைத் துடைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நாளைக்கு நான் வீட்டு விசேஷத்துக்குப் போறேன் அண்ணாச்சி. யாரு வெரலுக்கு அடிப்பியன்னு இப்பமே சொல்லிருங்க, பிள்ளகுட்டிக்காரங்கள எட்டி உக்காத்தி வச்சிட்டுப் போறேன்."

நாலு பன்னிரண்டு

ஆடி கடைசி வாரம். மெட்ராஸில் ஒரு இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் பேப்பரைப் பார்த்துவிட்டு எங்களைக் கேட்க வருகிறார் என்று லாட்ஜ் முதலாளிக்குத் தகவல் வந்தது. டேவிட்டுக்கு அதுதான் கடைசி வாசல். வாத்தியார் மஸ்கட்டுக்கு என்று ஒரு புதுத் தகரப் பெட்டியே வாங்கி வைத்துவிட்டார். மூடியில் டேவிட்டின் பெயரும் எழுதியாகிவிட்டது. "பெயிண்டு இன்னும் காயலண்ணே, தொட்டா ஒட்டுது" என்று மட்டும் அன்றைக்கு டேவிட் சொன்னான்.

சஃபாரி சூட்டும் தங்க ஃப்ரேம் கண்ணாடியுமாகக் கம்பெனிக்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்தார். இரண்டு பாட்டு முடிந்தது. ரயில் பாட்டுக்கு டேவிட் சுதி சேர்க்கும்போது, அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையும் திருநீறுமாக ஒருவர் ரோட்டில் போனார். லாட்ஜ் முதலாளி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார். முதலாளி மகளின் கல்யாணத்துக்கு நாயனம் வாசித்தவர் அவர்தான். "வாங்க, உக்காருங்க, நம்ம பயலுவ வாசிக்கானுவ" என்று கூட்டிவந்து கம்பெனிக்காரருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். என் மாமா.

ஆம்ப்ளிஃபையரை நகர்த்தியதிலிருந்து எனக்கு மறைவு கிடையாது. மாமா என்னைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏழாவது வட்டம் வந்தது. ரத்தினம் முன்னால் வந்து விரலைத் தூக்கினார். என் கை அசையவில்லை. மாமாவின் மேளத்தில், ஊரே விரலைத் தூக்கினாலும் நான் மாமாவைத்தான் பார்ப்பேன். அவர் தலை அசைந்தால்தான் தவில் பேசும். அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது ரத்தினத்தின் விரலுக்கு என்ன மதிப்பு? ரத்தினம் இரண்டு கையையும் தூக்கினார். வழக்கமாக வருகிறவர்கள் விஷயம் புரிந்து அவர்களும் விரலைத் தூக்கினார்கள். தாசில்தாரும் தூக்கினார். முற்றம் முழுக்க விரல். நான் நாலு நாலாக எண்ணிக்கொண்டே இருந்தேன்.

பன்னிரண்டு முடிந்தது. டேவிட் திரும்பிப் பார்த்தான். பாடுவதற்கு அவனிடம் வரி இல்லை. பேப்பரில் வந்ததிலிருந்து இடி வந்த பிறகுதான் அடுத்த வரி என்று வைத்திருந்தோம். நானோ கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். வேறு வழியில்லாமல் வாசிக்க ஆரம்பித்தான். அதுவரை அவன் வாசித்ததில் ஒரு அவசரம் இருக்கும். தனக்கு என்னென்ன வரும் என்று காட்டுகிற அவசரம். அன்றைக்கு அது போய்விட்டது. ஒரு ஸ்வரத்தைப் பிடித்து அது தாங்குகிற மட்டும் வளைத்தான். விட்டான். கொஞ்சம் சும்மா இருந்தான். மறுபடி அதையே வளைத்தான். ரயில் போன பிறகு பிளாட்பாரம் இருக்குமே, அப்படி இருந்தது. இரண்டாவது பன்னிரண்டு போயிற்று. மூன்றாவதும் போயிற்று. கம்பெனிக்காரர் காப்பியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். தூக்கியிருந்த விரல்கள் எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கிவிட்டன. மாமாவின் கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பன்னிரண்டின் முடிவிலும் அந்தக் கை ஒரு தட்டு அழுத்தித் தட்டியது. கணக்கைப் பிடித்துவிட்டார். நாலாவது பன்னிரண்டு முடிகிற இடத்தில் என்னைப் பார்த்தார். நான் யாருக்காகக் காத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். விரலைத் தூக்கி, ஒரே ஒரு தடவை ஆட்டினார்.

அதற்கப்புறம் அடித்தது எனக்கு ஞாபகமில்லை. முடிந்ததும் கம்பெனிக்காரர் நேராக டேவிட்டிடம் போனார். "அந்தக் கிட்டாரைத்தான் நான் கேட்டுட்டிருந்தேன். ஆவணியில மெட்ராஸ் வாங்க, ஒரு பாட்டு ரிக்கார்டு பண்ணிப் பார்க்கலாம்" என்றார். டேவிட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும், "புரட்டாசியில வச்சுக்கிடலாமா சார்? எங்க டிரம்மருக்கு ஆவணி பூராவும் கல்யாணம்" என்றான். "பூராவுமா?" என்று அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு மாமா முன்னால் போய்த் தலை குனிந்து நின்றேன். ஏன் மறைத்தாய் என்று அவர் கேட்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எல்லாஞ் சரி மருமவனே. அங்கன மெட்ராஸ்ல ஒனக்கு யாரு வெரலு காட்டுவா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

அந்தக் கவலை வேண்டியிருக்கவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே எல்லாமே விரல்தான். பெரிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் உட்கார்ந்திருப்பார். நாம் பேசுவது அவருக்குக் கேட்கும். அவர் நமக்கு விரலால்தான் பதில் சொல்வார். டேப் ஓட ஆரம்பித்ததும் சத்தம் கூடாது என்பதற்கு ஒற்றை விரலைத் தூக்கினார். மிச்சத்தை நீங்களே ஊகித்திருப்பீர்கள். அவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். மறுபடி விரல், மறுபடி இடி. சுவரைப் பார்த்து உட்கார்ந்து பார்த்தேன். இன்ஜினியர் தெரியவில்லை, டேவிட்டும் தெரியவில்லை. பாட்டு எங்கேயோ போயிற்று, நான் எங்கேயோ போனேன். வாசலில் அடுத்த ஒலிப்பதிவுக்கு வயலின்காரர்கள் வரிசையாக வந்து நின்று எங்களை எட்டிப் பார்த்தார்கள். தகரப் பெட்டியின் பெயிண்டு இதற்குள் நன்றாகக் காய்ந்திருக்கும் என்று தோன்றியது.

இன்னும் ஒரே தடவைதான் என்றார்கள். நான் நேராகத் திரும்பி உட்கார்ந்தேன். விரல் உயர்ந்தது. கை இறங்கிவிட்டது. இன்ஜினியர் தலையில் கை வைத்துக்கொண்டார், ஆனால் டேவிட் இந்தத் தடவை நிறுத்தவில்லை. என் கடைசி அடி அடங்குகிற இடத்திலிருந்து அந்த ஒரு ஸ்வரத்தை வளைத்துக்கொண்டு பாட்டுக்குள் நுழைந்துவிட்டான். பெண் ரயில் ஏறினாள். ரயில் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை. நடுவில் விரல் இல்லை, அதனால் இடியும் இல்லை. முடிவு வரை கிட்டார்தான். கம்பெனிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு டேப்பைக் கேட்டார். இன்ஜினியர், "ஆரம்பத்தையே கெடுத்துட்டார் சார், வெட்டவும் முடியாது, கிட்டார் அதுக்குள்ளேயே ஆரம்பிச்சிருது" என்றார். நான் காஜாவின் பின்னால் ஒதுங்கினேன். காஜா ஒல்லி, என்னை மறைக்க அவனால் முடியவில்லை. கம்பெனிக்காரர் கண்ணைத் திறந்தார்.

"முதல்ல கெட்டிமேளம், அப்புறம் சோகப் பாட்டு. உலகத்துல அப்படித்தானேய்யா நடக்குது? இருக்கட்டும்."

அந்தத் தட்டு வந்தது. கொஞ்சம் பேர் வாங்கினார்கள், கொஞ்சம் பேர் எழுதினார்கள். கம்பெனிக்காரர் டேவிட்டை மெட்ராஸிலேயே கிட்டாருக்கு வைத்துக்கொண்டார். மஸ்கட் வேலைக்குக் காஜா போனான். மூடியில் பெயரை மாற்றி எழுதி அந்தத் தகரப் பெட்டியையும் கொண்டுபோனான். ஃபைவ் ஃபால்ஸில் மிச்சம் நான் ஒருவன். ஐப்பசி பிறந்ததும் மாமாவோடு இலத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பெரியவர் விரலைத் தூக்கினார், மாமா தலையை அசைத்தார், நான் அடித்தேன். எல்லாரும் பெண்ணின் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆக, தப்பான இடத்தில் நான் அடித்ததற்கெல்லாம் பேப்பரிலும் தட்டிலும் பெயர் வந்தது, சரியான இடத்தில் அடித்த அத்தனை கல்யாணங்களிலும் ஒருவர்கூட என் பக்கம் திரும்பியதில்லை.